பூச்சாறு வெளுத்துவிடுகிறது, குழுவில் என் கைப்பாணி மாறிவிடுகிறது: என்ன செய்யலாம்?

அல்சூர்_புங்கை:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். கணக்கர் பணியிலிருந்து விலகிய பின், இரண்டு ஆண்டுகளாக ஓவியம் வரைந்து வருகிறேன். தெருவில் உதிர்ந்து கிடக்கும் பூ, காய், பட்டை ஆகியவற்றைப் பொறுக்கி வந்து, சாறெடுத்து, அதையே வண்ணமாகத் தீட்டுவது என் வழக்கம். சங்குப்பூவின் நீலமும் மஞ்சள் கிழங்கின் நிறமும் தாளில் படியும்போது மனம் நிறைகிறது. ஆனால், ஜன்னலருகே மாட்டிய படங்கள் இரண்டே மாதத்தில் பழைய கடை ரசீதைப் போல வெளுத்துவிட்டன. அவற்றுள் ஒரு புங்கை மரப் படத்தைப் பக்கத்து வீட்டார் விலை கொடுத்து வாங்கியிருந்ததால், அவர்கள் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஞாயிறுதோறும் கப்பன் பூங்காவில் கூடி வரையும் குழு ஒன்றில் சேர்ந்தேன். அன்பானவர்கள், நான் புங்கை என்பதை அவர்கள் கன்னடத்தில் ஹொங்கே என்பார்கள், மரம் ஒன்றுதான். எல்லோரும் பேனாவால் கோடிழுத்து, அதன்மேல் கடையில் வாங்கிய நீர்வண்ணம் பூசுவார்கள். ஆறு மாதத்தில் என் படங்களும் அவர்கள் படங்களைப் போலவே ஆகிவிட்டன. செடிவண்ணத்தைக் கைவிடுவதா, குழுவை விடுவதா?

கடுக்காய்க்காரன்:
முதலில் வண்ணத்தைப் பற்றிச் சொல்கிறேன். மஞ்சள் கறை பட்ட வேட்டியை நம் வீட்டுப் பெரியவர்கள் துவைத்து வெயிலில் காயப்போடுவது எதற்காக என்று எண்ணிப் பாருங்கள். வெயிலுக்கு மிக எளிதில் அழியும் நிறம் அது. சங்குப்பூவின் நீலமும் உறுதியற்றது. எலுமிச்சைச் சாறு ஒரு துளி பட்டாலே ஊதாவாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே குறை உங்கள் கையில் இல்லை, தேர்ந்தெடுத்த பொருளில் இருக்கிறது.

துவர்ப்பான பொருள்களுக்குச் செல்லுங்கள். காளஹஸ்தியின் கலம்காரித் துணி ஓவியத்தில், கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்த துணியின்மேல், துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த நீரால் எழுதுவார்கள். துணியில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்த இடத்தில் கோடு கறுத்து நிற்கும். பாலில் உள்ள கொழுப்பு, கோடு பரவாமல் தடுக்கும். தாளிலும் கடுக்காய்க் கஷாயத்தைப் பூசி உலர்த்தி, இரும்பு நீரால் வரையலாம். இரும்பு மிகுந்தால் அது ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளையே அரித்துவிடும் என்பதால், பருத்தித் தாளில், நீர்க்கவே பயன்படுத்துங்கள். மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மாதுளைத் தோலை வேகவைத்துப் பாருங்கள். மஞ்சள் கிழங்கைவிட நெடுநாள் நிற்கும்.

ஒரு வண்ணத்தை நம்புவதற்கு முன், அதைத் தாள் துண்டில் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அட்டையை எடுத்தால் விடை தெரிந்துவிடும். அதற்கு முன் எதையும் விற்காதீர்கள்.

மூன்றாம்_தெரு:
வெளுப்பதை ஏன் குறையாக எண்ண வேண்டும்? வாசல் கோலமும் அழியத்தானே போடப்படுகிறது?

அல்சூர்_புங்கை:
கோலத்தை மறுநாள் காலையில் மீண்டும் போட்டுவிடலாம், ஐயா. பக்கத்து வீட்டார் வாங்கியது ஒரே ஒரு படம்.

சித்திரச்சந்தை_வாசகி:
குழுவைப் பற்றி நான் சொல்கிறேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னைக் கலைக்கல்லூரியைச் சார்ந்த ஓவியர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாய்தான் அவர்களைத் தாங்கியது. நிலமும் பிழைப்பும் பொதுவாக இருந்தன. கைப்பாணி மட்டும் அவரவருடையதாகவே இருந்தது. பணிக்கரின் எழுத்தும் குறியும் நிறைந்த படத்தை அங்கிருந்த இன்னொருவருடையது என்று யாரும் மயங்க முடியாது. உங்கள் குழுவில் பொதுவாகிவிட்டது பேனாவும் வண்ணப்பெட்டியும். தவறு அங்கேதான் என்பது என் எண்ணம்.

குழுவை விடாதீர்கள், சகோதரி. தனியாக ஒரு பெண் பூங்காவில் மூன்று மணி நேரம் அமர்ந்து வரைவது எவ்வளவு தொல்லை என்பதை நான் அறிவேன். பத்துப் பேர் சூழ்ந்திருந்தால் எவரும் அருகில் வந்து கேள்வி கேட்பதில்லை. ஆனால் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, உங்கள் சாற்றுப் புட்டிகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வாரம் ஒரு புதிய காட்சியைத் தேடாமல், ஒரே மரத்தை ஓராண்டு வரையுங்கள். இந்நகரத்தின் பூமரங்களைப் பல ஆண்டுகள் தீட்டிய ஓவியர் ருமாலே சென்னபசவய்யாவின் படங்களைப் பார்த்தால், ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்பச் சென்றவரின் கண் எப்படிப் பழகியிருக்கிறது என்பது விளங்கும்.

அல்சூர்_புங்கை:
இருவருக்கும் நன்றி. துருப்பிடித்த ஆணிகளை வெல்ல நீரில் ஊறப்போட்டுவிட்டேன். வீட்டில் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் எழுந்ததால், ஜாடி மொட்டைமாடிக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி, அதே புங்கையைக் கடுக்காய்க் கறுப்பில் மீண்டும் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டேன். ஜன்னலில் ஏழு தாள் துண்டுகள் தொங்குகின்றன.