எண்ணெய் போட்ட ஊஞ்சல்

ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் அருகிலிருந்து:

என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. எங்கள் ஊர்ச் சிறுவர் பூங்காவில் இருந்த ஊஞ்சலின் சங்கிலி, உப்புக்காற்றில் துருவேறி, ஆடும்போதெல்லாம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை வைத்தே ஊஞ்சல் முன்னே வருகிறதா, பின்னே போகிறதா என்று கணித்து, தன் முறை வரும்வரை அவள் ஒதுங்கி நின்றிருக்கிறாள் என்பது, நாள்தோறும் அவளை அழைத்துச் சென்ற எனக்கே தெரியாது. ஒருநாள் யாரோ வந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று மாலையே ஊஞ்சல் பலகை அவள் தாடையில் அடித்து, இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. வீடு திரும்பும்போது, "அத்தை, இன்னிக்கு ஊஞ்சல்ல சத்தமே வரலையே" என்று மட்டும் கேட்டாள்.

எண்ணெய் போட்டவர் மீது எனக்கு வருத்தமில்லை. துருப்பிடித்த சங்கிலி என்றைக்காவது அறுந்திருக்கும். காளைக்குக் கட்டும் சலங்கை ஒன்றை வாங்கிப் பலகையின் அடியில் கட்டினோம். ஆனால் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், மேற்கே நிற்பவர்களுக்கு அந்த ஒலி எட்டுவதில்லை. ஆகவே காலுக்குத் தெரியும் எல்லை ஒன்றும் தேவைப்பட்டது. மணலில் வெள்ளைக்கோலின் முனை புதைந்துவிடும், தட்டினாலும் ஒலி எழாது என்பதைப் பூங்காவில் மணலைக் கொட்டியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஊஞ்சல் தொங்கும் கம்பியின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்தை முன்னும் பின்னும் காலியாக விடுவது, திடல் அமைப்போர் கைக்கொள்ளும் அளவு. எங்கள் கம்பியின் உயரம் 8 அடி. எனவே 16 அடி தள்ளி, ரயில் நடைமேடையின் ஓரத்தில் மஞ்சளாகப் பதித்திருப்பார்களே, அந்தப் புள்ளிக் கற்களை ஒரு வரிசை பதித்தோம். இவ்வகைக் கற்கள் முதன்முதலில் 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே பதிக்கப்பட்டவை. புள்ளி என்றால் நிற்க வேண்டும், கோடு என்றால் நடக்கலாம். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

கீழக்கரையிலிருந்து:

என் மகனுக்கு இருப்பது குறைபார்வை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மையையும் குறைபார்வையையும் தனித்தனியாக வரையறுத்திருந்தும், பூங்கா அமைப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நாங்கள் போகும் பூங்காவில் சறுக்குமரம், அதன் படிகள், கைப்பிடி எல்லாமே ஒரே நீல நிறம். பின்னால் வானமும் நீலம். நண்பகலில் வெள்ளை மணலின் கூச்சம் வேறு. "வாப்பா, கடைசிப் படி எது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான், மற்ற பிள்ளைகள் சிரிப்பதைக் கண்டபின் கேட்பதை நிறுத்தினான், ஏறுவதையும் நிறுத்தினான். கால் லிட்டர் மஞ்சள் பெயிண்ட் வாங்கி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு நானே அடித்தேன். இப்போது ஏறுகிறான். உப்பும் மணலும் சேர்ந்து நான்கே மாதத்தில் அந்த மஞ்சளைத் தின்றுவிடுவதால், மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்டியிலிருந்து:

நான் பார்வையற்றவன். நான் சென்ற ஒரு பூங்காவில் பிரெயில் பலகை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எஃகுத் தகட்டை மேற்குப் பார்த்து, என் நெற்றி உயரத்தில் பதித்திருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு விரலை வைத்தவன் உடனே எடுத்துவிட்டேன். இருட்டிய பிறகு மீண்டும் போய்த் தடவிப் படித்ததில், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் எல்லோருடைய பெயரும் பிழையில்லாமல் இருந்தன. ஊஞ்சல் எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை.

மண்டபத்துச் சகோதரிக்கு ஒரு கேள்வி: அந்தச் சலங்கை பித்தளையா, இரும்பா? கடற்காற்றுக்கு எத்தனை நாள் தாங்குகிறது?