எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பு செய்யத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். தொழுநோயிலிருந்து குணமானவர்களின் மறுவாழ்வுப் பணியில் 31 வருடங்களாக இருக்கிறேன். அடுத்த மாதம் ஓய்வு. அதற்குள் ஒரு வேலையை முடிக்க உங்கள் உதவி வேண்டும்.

நோய் மாத்திரையில் குணமாகிவிடும். ஆனால் பல வருடம் மரத்துப்போன பாதத்தில் உணர்ச்சி திரும்புவதில்லை. முள் குத்தினாலும் தெரியாது. புண் எலும்பு வரை போன பிறகு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதைத் தடுக்க எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வேண்டும். உள்ளே மெத்தென்றும் அடியில் கெட்டியாகவும் இருக்க வேண்டும், ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. பின்பக்க வார் கட்டாயம். இல்லையென்றால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார்கள்.

இதைச் செய்து தந்த பெரியவர் சென்ற வருடம் காலமானார். விரல் இழந்த பாதங்களைத் தன் மடியில் வைத்து அளவெடுப்பார். அப்படி ஒரு மனசை எங்கே தேடுவேன்!

விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர் என்றாலும் சரி, வேலூர் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் பயிற்சிக்குக் கேட்டுப் பார்க்கிறேன். இப்போதைக்கு 14 பேருக்கு வேண்டும். கூலி தருகிறோம். அப்புறம், பாதங்களை அளவெடுக்க நானே கூட வருவேன்.