கூரையைப் பார்க்கும் பொம்மை: உதவி தேவை

பெரியவர்களுக்கான பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சி ஒன்றை உருவாக்கி வருகிறோம். தொகுப்பாளர், நுரைப்பஞ்சில் செய்த வாயசைக்கும் கைப்பொம்மை. நான் மேசைக்கடியில் அமர்ந்து, மானிட்டரைப் பார்த்தபடி இயக்குகிறேன்.

3 மாதங்களில் 4 ஒத்திகைகள் பார்த்துவிட்டோம். முதல் 10 நிமிடம் பிரமாதம். பிறகு மணிக்கட்டு சோர்ந்து, பொம்மையின் தலை பின்னால் சாய்கிறது. கண்கள் விருந்தினரை விட்டுவிட்டுக் கூரையை வெறிக்கின்றன. எங்கள் விரசமான கேள்விகளுக்கெல்லாம் அசராத விருந்தினர், அந்தப் பார்வையில் பேச்சையே நிறுத்திவிடுகிறார்.

கருவிழிகளைக் கீழிறக்கி ஒட்டினேன்: தொடக்கத்தில் தூங்குமூஞ்சி, முடிவில் சரியான பார்வை! மேசையை உயர்த்தி நின்றுகொண்டு இயக்கியதில் தோள்தான் வலித்தது. முழங்கைக்குத் தாங்கி வைத்ததும் பொம்மை மரக்கட்டையாகிவிட்டது.

பொம்மையின் துள்ளல் குறையாமல், 40 நிமிடத் தொடர் படப்பிடிப்பில் கையை எப்படித் தாங்குவது?