துப்பாக்கி வாங்க வந்து, பின்னணிச் சரிபார்ப்பில் டினைட் (மறுப்பு) ஆனவரைத் திருப்பி அனுப்பிய அனுபவம் உண்டா?

வாரக்கடைசி கவுண்டர், டெக்சாஸ்

விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் துப்பாக்கிக் கவுண்டரில் வேலை பார்த்தேன். வாங்குபவர் நிரப்பும் படிவம் 4473, அதை வைத்து எஃப்பிஐ பின்னணியைச் சரிபார்க்கும் என்ஐசிஎஸ் கணினி முறை, இவ்வளவுதான் அடிப்படை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருவர் ரைஃபிள் வாங்க வந்தார். நன்றாகப் பேசினார், மான் வேட்டை சீசன் பற்றிச் சொன்னார். திரையில் டினைட் என்று வந்தது. "இதை உங்களுக்கு விற்க முடியாது சார்" என்றேன். காரணம் கேட்டார். காரணத்தைக் கடைக்காரனுக்குச் சொல்லவே மாட்டார்கள். எஃப்பிஐயிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி, பரிவர்த்தனை எண் எழுதிய தாளைக் கொடுத்தேன். சத்தம் போடாமல் போய்விட்டார்.

மறுநாள் ஒரு பெண் வந்தார். சுவர் முழுக்க ரைஃபிள் மாட்டியிருக்கிறது, ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டி "இது வேண்டும்" என்றார். முந்தைய நாள் அந்த ஆள் கேட்ட அதே ரைஃபிள். அது இடது கைக்காரர்களுக்கானது, போல்ட் இடப்பக்கம் இருக்கும். எங்கள் கடையில் அந்த மாதிரி ஒன்றுதான் இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தான்." படிவத்தை நீட்டினேன். வலது கையால் பேனாவை எடுத்தார்.

"அம்மா, இது இடது கைக்காரர்களுக்கு" என்றேன். பேனா அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொடுத்துவிடுங்கள். இது இல்லாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது."

கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது. ஆனால் அவர் வெளியே போனதும் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

பாலைவனத்துப் பையன்

என்னுடையது சின்ன விஷயம். அரிசோனாவில் எச்-1பி விசாவில் இருந்தபோது ரேஞ்ச் (சுடும் பயிற்சி இடம்) நண்பர்கள் உசுப்பிவிட, கைத்துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர். நான் நிரப்பிய படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, குடியேற்றம் பற்றிய கேள்வியின் மேல் விரலை வைத்தார். "இதற்கு ஆமாம் என்று எழுதியிருக்கிறாய். வேட்டை லைசென்ஸ் இருக்கிறதா?" இல்லை. "அப்படியானால் இங்கேயே நிறுத்திக்கொள்வோம். நான் கணினியில் போட்டால் உன் பெயரில் ஒரு டினைட் ஏறும்." விற்காமல் அனுப்பினாலும் எனக்கு அன்று அவர் செய்தது உதவிதான். குடியேறாத விசாவில் இருப்பவர்கள் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இல்லாமல் வாங்க முடியாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

சட்டம் பேசுபவன்

முதல் பதிவு போட்ட அண்ணாவுக்கு: இது பட்டவர்த்தனமான ஸ்ட்ரா பர்சேஸ், அதாவது இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது. படிவத்தில் வாங்குவது நீங்கள்தானா என்று கேட்பதே இதற்காகத்தான். 2022 சட்டத்துக்குப் பிறகு இதற்கு 15 ஆண்டு வரை சிறை. போலீசைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா? "என்ன ஆனார் என்று தெரியாது" என்று பிறகு வருத்தப்படுவதில் என்ன பயன்?

இன்னொன்று. டினைட் ஆன செய்தி கடையோடு நிற்பதில்லை. அதே 2022-ல் வந்த இன்னொரு சட்டப்படி, எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு பல மாநிலங்களில், பொய் சொல்லி வாங்க வந்தவன் ஒரு விசாரணையும் இல்லாமல் அடுத்த வழியைத் தேடப் போய்விடுவான்.

இனிஷியல் பிரச்சினை

எனக்கு டினைட் இல்லை, டிலேய்ட், அதாவது பதில் தாமதம். அப்பா பெயர் ஒரு ஆவணத்தில் கடைசிப் பெயர், இன்னொன்றில் நடுப்பெயர். மூன்று வேலை நாள் கழிந்து பதில் வராவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம் என்பது சட்டம். என் கடைக்காரர் கொடுக்க மறுத்துவிட்டார். கோபம் வந்தது, ஏன் என்று கேட்டேன். "சார்ல்ஸ்டன்" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார். 2015-ல் அந்த ஊர்த் தேவாலயம் ஒன்றில் 9 பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி போனது இப்படித்தான்: மூன்று நாளில் பதில் வரவில்லை, கடை கொடுத்துவிட்டது. அதைக் கேட்ட பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

பெயர்க் குழப்பத்தால் மாட்டுபவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர், அதனால் சொல்கிறேன். டினைட் ஆனால் கவுண்டரில் வாதாடாதீர்கள், அந்த மனிதரிடம் எந்தத் தகவலும் இல்லை. பரிவர்த்தனை எண்ணை வாங்கிக்கொண்டு எஃப்பிஐயிடம் காரணம் கேட்டு எழுதுங்கள். பிறகு மேல்முறையீடு. வேறொருவரின் குற்றப்பதிவோடு உங்களைக் குழப்பியிருந்தால் கைரேகை கொடுப்பதுதான் சீக்கிரம் தீர்க்கும் வழி. நீதிமன்றத்தில் வழக்கு தள்ளுபடியாகியும் பதிவில் ஏறாமல் இருந்தால், அந்த நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் வாங்கி அனுப்புங்கள். அடுத்த முறையும் சிக்கல் வராமல் இருக்க விஏஎஃப் என்ற கோப்பில் சேரலாம். ஒரு தனி எண் கொடுப்பார்கள், அதைப் படிவத்தில் எழுத இடம் இருக்கிறது. முக்கியமாக, எல்லா ஆவணத்திலும் பெயரை ஒரே மாதிரி ஆக்குங்கள். துப்பாக்கிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் உதவும்.

அடகுக்கடை கணக்குப்பிள்ளை

அடகுக்கடையில் இதைவிடக் கொடுமை. வைத்த துப்பாக்கியை மீட்க வந்தாலும் அதே பின்னணி செக் உண்டு. ஒரு முதியவர், தாத்தாவின் ஷாட்கன் என்று சொல்லி வைத்திருந்தார். வட்டியோடு பணத்தை எண்ணி வைத்தார். டினைட். "என் சொந்தப் பொருளையா தர மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டு ரசீதைக் கண்ணாடிமேல் தேய்த்துத் தேய்த்து நேராக்கிக்கொண்டே நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

சட்டம் பேசும் தம்பிக்கு ஒரு பதில். நாங்கள் இவ்வளவு கறாராக இருந்து என்ன? டெக்சாஸில் தனியார் தனியாருக்கு விற்றால் செக் கிடையாது. அதே மாநிலத்து ஒடெஸ்ஸாவில் 2019-ல் 7 பேரைச் சுட்டுக் கொன்றவன் 2014-ல் செக்கில் தோற்றவன். 2016-ல் ஒரு தனி ஆளிடம் வாங்கினான். விற்றவருக்கு, லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்ததற்காக 2 ஆண்டு சிறை. கடையில் மறுத்த முதல் ஆளின் வேலை சுத்தமாக நடந்தது, அதற்கு அடுத்த கதவு திறந்தே கிடந்தது. முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள்.

சட்டம் பேசுபவன்

ஒருவன் வேறு வழியில் வாங்குவான் என்பதற்காகக் கடையில் கொடுத்துவிடலாமா? கொலராடோ, வாஷிங்டன் மாதிரி மாநிலங்களில் தனியார் விற்பனைக்கும் செக் உண்டு. டெக்சாஸில் இல்லாதது கடைக்காரர் மறுத்ததன் குறை இல்லை.

வாரக்கடைசி கவுண்டர், டெக்சாஸ்

தம்பி, மேலாளர் அன்றே ஏடிஎஃப்புக்கு (துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) தகவல் சொன்னார். நான் கேட்பது வேறு. அந்த ஆளுக்கு எதனால் டினைட் வந்தது என்று தெரியாது. வீட்டில் அடித்த வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு 1996 முதல் தடை இருக்கிறது. அதுவாக இருந்திருந்தால், நான் அந்தப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பியது அவரிடம்தான். விற்க மறுப்பதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்ணிடம் அடுத்த வார்த்தை என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வடகிழக்கு அக்கா

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நியூ ஹாம்ப்ஷைரில் 2009-ல் ஒரே கடையில், ஒரு வாரத்துக்குள், மூன்று பேர் தனித்தனியே துப்பாக்கி வாங்கிப்போய்ச் சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கடைகளில் தற்கொலைத் தடுப்பு அட்டைகள் வைக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து நாங்கள் குடும்ப வன்முறை உதவி எண்ணும் சேர்த்து வைத்தோம். கவுண்டரில் இல்லை, பெண்கள் கழிப்பறையில். கணவன் வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தால் கவுண்டரில் அட்டையை எடுக்க முடியாது இல்லையா. செருப்புக்குள் வைக்கும் அளவுக்குச் சின்னதாக அச்சடித்திருக்கிறோம். அடுக்கு குறைந்துகொண்டே வருகிறது, நிரப்பிக்கொண்டே இருக்கிறோம்.