வார்டில் ஆளே மாறிப்போன மாமி

மாமிக்கு 82 வயது. வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருக்கிறார். காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசித்து, மத்தியானம் எனக்குச் செய்தி சொல்லும் ஆள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் அடுத்த இரவே சேலைன் ஊசியைப் பிடுங்கினார். மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது, பிடித்துக் கட்டு என்று என்னைப் பார்த்துக் கத்தினார். வந்து பார்த்த சொந்தக்காரர்கள், "வயசு போனால் அறளை பெயரத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இல்லை. நேற்று வரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் இப்படிக் குழம்பினால் அது டிலீரியம். உடம்பில் ஏதோ பிழையாகிவிட்டது என்பதற்கு அடையாளம். டிமென்ஷியா என்ற மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. இது திடீரென்று வரும். ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம், இரவில் மோசம்.

என் கணவர் இளம் டொக்டர் ஒருவரைப் பிடித்து, "போன கிழமை பாங்க் கணக்குப் பார்த்தவர் இவர்" என்று அழுத்திச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தேடினார்கள். சிறுநீரில் கிருமி, பல நாள் மலச்சிக்கல், போதாததற்கு இரவில் அரிப்புக்குக் கொடுத்த குளோர்பெனிரமின். இந்தப் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களின் மூளையைக் கலக்கிவிடும். அதை நிறுத்தினார்கள்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு முக்கியமானது. இன்றைக்கு என்ன நாள் என்று தாதி சிங்களத்தில் "அத மொன தவசத?" எனக் கேட்டார். மாமி பேந்தப் பேந்த முழித்தார். அவருக்குச் சிங்களம் வராது, காது மெஷினும் வீட்டு லாச்சியில் கிடந்தது. மெஷினைக் கொண்டுவந்து மாட்டி, கண்ணாடியையும் போட்டுவிட்டு, என்ன கிழமை என்று தமிழில் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லையா?" என்றார். சரியாக வெள்ளிதான்!

இவை சும்மா ஆறுதல் வேலைகள் அல்ல. அமெரிக்காவில் டொக்டர் ஷாரன் இனூயியின் குழு 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண்ணாடி, காது மெஷின், தண்ணீர், எழுப்பி நடக்க வைப்பது, மருந்தில்லாத தூக்கம், நாளும் இடமும் சொல்லிக் கதைப்பது, இவ்வளவுதான் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டிலீரியம், இவர்களில் 9.9 சதவீதமாகக் குறைந்தது.

கத்துகிறவர்களையாவது எல்லாரும் கவனிப்பார்கள். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஐயா ஒருவர் நிமோனியாவோடு வார்டில் சத்தமில்லாமல் சுருண்டு கிடந்தார். சாப்பாடு வேண்டாம், கதை இல்லை. களைப்பு என்று விட்டுவிட்டார்கள். அதுவும் டிலீரியம்தான் என்று பிந்தித்தான் தெரிந்தது. வயதானவர்களில் இந்த அமைதியான வகைதான் அதிகம் தவறிப்போகிறது.

வீட்டுக்கு வந்தும் மாமிக்கு உடனே சரியாகவில்லை. பேப்பரைத் திரும்பக் கையில் எடுக்கவே வாரக்கணக்காயிற்று. இப்போதும் சில பெயர்கள் வர மறுக்கின்றன. டிலீரியம் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் ஞாபகசக்தியையும் பார்க்கச் சொல்லிக் கேட்கிறோம். ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், நிறுத்திய மாத்திரையின் பெயரோடு. அடுத்த முறை எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன்.