புதுப்பிப்பு: ஒரு ஆர்டருக்கு நிஜமா எவ்வளவு நிக்குது?

டெரகோட்டா ஜிமிக்கி செட் 450 ரூபாய், மண்ணும் பெயின்டும் 60தான், அப்புறம் ஏன் கையில காசு நிக்கலைன்னு போன மாசம் கேட்டிருந்தேன். நீங்க சொன்னபடி ஒவ்வொரு ஆர்டரோட செலவையும் தனித்தனி வரிசையா எழுதி ஷீட் போட்டாச்சு.

பேமென்ட் கேட்வே (ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற சேவை) கட்டணம் 2 சதவீதம், அதுமேல 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 10.62. இது சில்லறை. கூரியர்தான் ஆளை முழுங்குது. ஜிமிக்கி 40 கிராம்கூட இல்ல. ஆனா நிஜ எடையை விட்டுட்டு பெட்டி அளவை வச்சு, 20×15×10 செ.மீ.-ஐப் பெருக்கி 5000-ஆல வகுத்து, 0.6 கிலோ, அதாவது 600 கிராம்னு பில் போடுறாங்க. உயரத்தை 8 ஆக்கினேன், 480 கிராம், அரைக் கிலோ ரேட்டுக்குள்ள அடங்கிடுச்சு. இப்போ பெட்டியோட சேர்த்து 85.

சிஓடியை (பொருள் கைக்கு வந்ததும் பணம் கட்டுறது) நிறுத்திட்டேன். திரும்பி வந்தா போக வர ரெண்டு சார்ஜும் நம்ம தலையில.

கைக்கூலி மணிக்கு 80, ரெண்டரை மணி நேரம் (அம்மா பெயின்ட் அடிக்கிறதும் சேர்த்துத்தான், அவங்க வேணாம்னாலும்). மிச்சம் 94 ரூபாய். அடுத்த வாரத்துல இருந்து செட் 520.