பதிவா, பதிகையா, சுவடா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு நிறுவனத்தின் சர்வர், ரௌட்டர், ஃபயர்வால் எல்லாம் தனித்தனியாக எழுதும் லாக்குகளை, அதாவது என்ன எப்போது நடந்தது என்ற குறிப்புகளை, ஓரிடத்தில் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது பற்றிய பாடம். யாராவது கடவுச்சொல்லைத் தவறாக அடித்தால் விண்டோஸ் அதை 4625 என்ற எண்ணில் எழுதும். லினக்ஸ் ஒரு வாக்கியமாக எழுதும். இரண்டும் ஒரே செய்திதான் என்று கணினிக்குப் புரியவைப்பதில்தான் பாடத்தின் உயிரே இருக்கிறது. லாக், இப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன், இரண்டுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும். லாக்குக்குப் 'பதிவு' என்று போட்டேன். கடைசியில் "பதிவகத்தில் பதிந்த பயனரின் பதிவு பற்றிய பதிவு" என்று ஒரு வரி வந்து நிற்கிறது. உதவுங்கள்.

மதுரையிலிருந்து:

அம்மா, பதிவை விட்டுவிடுங்கள். ரெக்கார்டு, ரெஜிஸ்ட்ரேஷன், வலைப்பதிவு என்று ஏற்கெனவே அதன் தலையில் அவ்வளவு சுமை. 'பதிகை' நல்ல சொல். செய்கை, வருகை போலக் கை விகுதி பெற்ற தொழிற்பெயர், வழக்கில் தேயாதது.

லாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மரக்கட்டை என்றுதான் பொருள். கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்து, ஓடும் கயிற்றின் முடிச்சுகளை எண்ணிக் கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அந்தக் கணக்கை எழுதிய ஏடுதான் லாக்புக். நாம் ஏன் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும்? சோழர் ஆவணங்களில் 'வரிப்பொத்தகம்' என்று ஓர் அலுவலர் பெயர் வருகிறது. அந்த வழியில் 'நிகழ்பொத்தகம்' என்று வைக்கலாம். வினைத்தொகை என்பதால் முக்காலமும் அதற்குள் அடங்கும்.

சென்னையிலிருந்து:

ஐயா, அந்த முக்காலம்தான் இடிக்கிறது. லாக்கில் எதிர்காலம் கிடையாது, நடந்து முடிந்தது மட்டும்தான் இருக்கும். நான் இரவுப் பணியில் லாக் பார்க்கிறவன். எங்கள் பிள்ளைகள் 'லாக்' என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பாடத்தில் இன்னொன்றையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். லாக்குகளை அனுப்பப் பயன்படும் சிஸ்லாக் என்ற முறையில், 2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விவரித்த பழைய வடிவத்தில் மாதம், நாள், மணி உண்டு. ஆண்டும் நேர மண்டலமும் இல்லை. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424தான் அவற்றைச் சேர்த்தது. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் இன்னொன்று யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் ஓடியது. ஐந்தரை மணி நேர வித்தியாசத்தால், திருடன் வெளியே போன பிறகுதான் உள்ளே நுழைந்தான் என்று காட்டியது. விடியும்வரை மண்டையை உடைத்துக்கொண்டோம். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இட்ட ஆணையும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னதோடு கடிகாரங்களையும் ஒத்திசைக்கச் சொன்னது. மாணவருக்கு முதலில் இது புரியட்டும், சொல் அப்புறம் தானாக வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி சொல்லும் நேரக் கணக்கு சரி. ஆனால் சொல் தானாக வராது, யாராவது வைத்தால்தான் நிற்கும்.

ஐயா கப்பலுக்குப் போனதால் ஒன்று சொல்லவேண்டும். வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் தலைவரைத் தண்டையல் என்பார்கள். வரி தண்டுவது என்றால் வரி சேகரிப்பது. இரண்டுக்கும் ஒரே வேராக இருக்குமோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். வேர் எதுவானாலும், லாக் சேகரிக்கும் மென்பொருளைத் 'தண்டி' என்று சொல்லிப் பார்க்க ஆசை.

மற்றது, நார்மலைசேஷனுக்கு யாரும் 'தரப்படுத்தல்' என்று எழுதிவிடாதீர்கள். எங்களுக்கு அந்தச் சொல் 1970களின் பல்கலைக்கழக அனுமதியைத்தான் நினைவுபடுத்தும். நல்ல புள்ளி எடுத்தும் வாசலில் நின்ற தலைமுறையின் சொல் அது. பாடப்புத்தகத்தில் வேறு பொருளில் பார்த்தாலும் மனம் அங்கேதான் போகும்.

கோவையிலிருந்து:

அக்கா, தரப்படுத்தல் என்றுதான் எழுதியிருந்தேன். இப்போதே எடுத்துவிட்டேன். 'இயல்பாக்கம்' என்றால் தரவுத்தளப் பாடத்தோடு குழம்புகிறது. 'ஒருசீராக்கம்' சரியா? லாக்குக்குச் 'சுவடு' எப்படி? சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது.

சென்னையிலிருந்து:

சுவடு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை டிரேஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரிக்கை எந்தெந்த சர்வர் வழியாக நடந்து போனது என்று காட்டுவது அது. காலடித் தடம் அதற்குத்தான் பொருந்தும். ஈவென்டை 'நிகழ்வு' என்றும் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் இன்சிடென்டைச் 'சம்பவம்' என்றும் பிரித்தே எழுதுங்கள். ஒரு நாளில் நிகழ்வுகள் கோடிக்கணக்கில் வரும். அவற்றுள் ஒன்றுகூடச் சம்பவமாக இல்லாத நாளும் உண்டு. ஒருசீராக்கத்துக்கு என் ஓட்டு.

மதுரையிலிருந்து:

ஒருசீராக்கம் எனக்கும் உடன்பாடு. 'தண்டி' மட்டும் வேண்டாம். அலங்கார நூல் செய்தவர் பெயர் அது; தமிழ் படித்த பிள்ளைக்கு முதலில் அவர்தான் நினைவுக்கு வருவார்.

கோவையிலிருந்து:

இனியும் தள்ளிப்போட முடியாது. நிகழ்வுப்பதிவு, சேகரிப்பி, ஒருசீராக்கம் என்று அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் மட்டும் 'லாக் எனப்படும் நிகழ்வுப்பதிவு' என்று இருக்கும். நேரம் கொடுத்த எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:

நிகழ்வுப்பதிவில் ஒற்று விடாமல் அச்சிடச் சொல்லுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது பதிகையை மறுபடி கேட்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, அலங்கார நூல்காரர் இருக்கட்டும். தண்டுதலுக்கும் தண்டையலுக்கும் உறவு உண்டா, இல்லையா?